இடத்தை நம்பலாம், பிரகாசத்தை?

ஹ்யூப் இன்டெமா, ப்ரேஷாந்த் ஜகந்நாதன், குணால் மூலே, டேல் ஃப்ரெயில் ஆகிய நால்வரும் 2017-இல் வெளியிட்ட வானப் பட்டியலில் 6,23,604 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு ரேடியோ மூலம். பெரும்பாலானவை தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் கருந்துளைகளின் வேலை. புணேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று கட்டிய ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி, 2010 ஏப்ரலிலிருந்து 2012 மார்ச் வரை 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2,000 மணி நேரத்துக்கு மேல் வானத்தைத் துழாவிச் சேர்த்த தரவு இது. டி.ஜி.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆய்வைத் தொடங்கிய இந்தியக் குழு ஒரு பகுதியை மட்டுமே வெளியிட்டிருந்தது. காப்பகத்தில் யாரும் எடுக்கலாம் என்று இருந்த மூலத் தரவை இந்த நால்வரும் எடுத்து, முழுவதையும் புதிதாகச் செய்து முடித்தார்கள். ‘மாற்றுத் தரவு வெளியீடு’ என்று பெயர் வந்தது அதனால்தான். வான்பரப்பில் 90 சதவீதம் இதில் அடக்கம்.

பட்டியல் வாசகருக்கு இரண்டு உறுதிமொழிகள் தருகிறது. மூலங்களின் இடம் 2 வில்நொடிக்குள் சரியாக இருக்கும். பிரகாசம் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குள் சரியாக இருக்கும். ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு. இரண்டு உறுதிமொழிகளும் ஒரே தாளில், ஒரே தொனியில் வருகின்றன. ஆனால் முதலாவது பெரும்பாலும் நிற்கிறது. இரண்டாவதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டவர்கள் சிலர் விபரீதமான முடிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏன் என்று பார்க்க, வானத்துக்கும் தொலைநோக்கிக்கும் நடுவே எலக்ட்ரான்களோடு நிற்கும் அயனி மண்டலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நம் தேனி மாவட்டத்தில் இயற்பியல் என்று வாயெடுத்தாலே பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வக விவகாரம்தான் பேச்சுக்கு வரும். அயனி மண்டலத்தோடு அதைவிடப் பழைய தொடர்பு ஒன்று நமக்கு இருக்கிறது. தேவதானப்பட்டியை அடுத்த காட்ரோட்டில் பிரிந்து மலையேறும் சாலை போய்ச் சேரும் கொடைக்கானலில், 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் சூரியனைப் பார்த்ததோடு நிற்கவில்லை. 1950-களிலிருந்து அங்கே ரேடியோ துடிப்புகளை நேர்மேலே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு அயனி மண்டலத்தின் உயரத்தையும் அடர்த்தியையும் அளந்தார்கள். இந்த மலையின் முக்கியத்துவத்துக்குக் காரணம் காந்த நடுக்கோடு. புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் அந்தக் கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவை ஏவுதளத்துக்குத் தேர்ந்ததற்கும் இதே கோடுதான் காரணம்.

பகலில் இந்தக் கோட்டுக்கு மேலே, கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து எலக்ட்ரான்களை மேலே தூக்குகின்றன. தூக்கப்பட்டவை காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து இறங்குகின்றன. நம் தலைக்கு மேல் கிளம்பும் எலக்ட்ரான்கள் வடக்கே அகமதாபாத், போபால் பக்கத்து வானத்தில் குவிகின்றன. கோடத் அந்தச் சரிவில் இருக்கிறது. சூரியன் மறைந்ததும் இன்னொரு கூத்து நடக்கும். கீழடுக்கு சட்டென்று காலியாகி, மேலடுக்கு கனமாக மிஞ்சி, காலிப் பகுதிகள் குமிழிகளாக மேலே கிளம்பும். வடக்குத் தெற்காக நீண்டு, கிழக்கு மேற்காகக் குறுகலாக இருக்கும் இந்தக் குமிழிகள் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், அதிகம். ஐரோப்பியக் கையேட்டைப் படித்துவிட்டு ‘இரவில் பார்த்தால் அயனி மண்டலம் அமைதியாக இருக்கும்’ என்று நம்பினால், நம் ஊரில் முன்னிரவு முழுவதும் ஏமாற வேண்டியதுதான்.

இது படத்தை என்ன செய்கிறது? மஞ்சளாற்றுத் தண்ணீர் கால்வாயில் தெளிந்து ஓடும்போது அடியில் கிடக்கும் கூழாங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் சீராகச் சாய்ந்திருந்தால் எல்லாக் கற்களும் சேர்ந்து ஒரு பக்கம் நகர்ந்து தெரியும். அலை இருந்தால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் போகும். அலை இன்னும் சின்னதானால் கல்லின் விளிம்பே கலங்கும். ரேடியோ வானத்துக்கும் இந்த மூன்றும் நேர்கின்றன. அயனி மண்டலத்தின் சாய்வு மூலத்தை நகர்த்துகிறது, வளைவு அதை மங்கலாக்குகிறது.

கணக்குப் போட்டால் ஆபத்து புரியும். ஒரு சதுர மீட்டர் தூணில் உள்ள எலக்ட்ரான்களை எண்ணி, 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையை ஓர் அலகு என்பார்கள். நம் பகுதியில் பகல் நேரத்தில் இது பல பத்து அலகுகள் போகும். 150 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஓர் அலகு, அலையைச் சுமார் 9 முழுச் சுற்று முன்பின் ஆக்கிவிடும். இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே 0.01 அலகு வித்தியாசம் போதும், 30 டிகிரிக்கு மேல் பிசகு. ஜி.எம்.ஆர்.டி.யின் 30 ஆன்டெனாக்கள் சுமார் 25 கிலோமீட்டர் விரிந்து கிடக்கின்றன. அந்தத் தூரத்தில் 0.01 அலகு சாய்வு என்றால் மூலம் ஒன்றரை வில்நொடி நகரும். 0.1 அலகு என்றால் 15 வில்நொடி. இந்த ஆய்வின் கூர்மையே 25 வில்நொடிதான். இதே சாய்வு 1,400 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 87 மடங்கு குறைவாகத்தான் உறுத்தும். உயர் அலைவரிசைக்காரர்கள் பல காலம் இந்தத் தொல்லையைப் பொருட்படுத்தாமல் இருக்க முடிந்தது இதனால்தான்.

திருத்துவதற்குப் பழைய வழி எளிது. பக்கத்தில் உள்ள பிரகாசமான ஒரு மூலத்தைப் பார்த்து, ஆன்டெனாவுக்கு ஒரு திருத்தம் கண்டுபிடித்து, அதை முழுப் படத்துக்கும் பூசிவிடுவது. 150 மெகாஹெர்ட்ஸில் ஜி.எம்.ஆர்.டி.யின் பார்வைப் புலம் சுமார் 3 டிகிரி. 300 கிலோமீட்டர் உயரத்தில் அது 16 கிலோமீட்டர் அகலம். அந்தப் பரப்பில் ஒவ்வொரு ஆன்டெனாவும் ஒவ்வொரு மூலத்தையும் அயனி மண்டலத்தின் வெவ்வேறு ஓட்டையின் வழியே பார்க்கிறது. 2005-இல் காலின் லான்ஸ்டேல் இந்த நிலைமைகளை நான்காகப் பிரித்தார். தொலைநோக்கியும் விரிந்தது, பார்வையும் அகன்றது என்ற நான்காவது வகைதான் மோசமானது. ஜி.எம்.ஆர்.டி. சரியாக அதில் போய் விழுகிறது.

இரண்டாவது வழி, படம் தயாரான பிறகு அதையே இழுத்து நேராக்குவது. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பாலைநிலத்தில் உள்ள எம்.டபிள்யூ.ஏ. தொலைநோக்கிக்காக நடாஷா ஹர்லி-வாக்கரும் பால் ஹான்காக்கும் 2018-இல் விவரித்த முறை இது. படத்தில் தெரியும் மூலங்களை ஏற்கெனவே இடம் தெரிந்த பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, இடைப்பட்ட பகுதிக்கு மென்மையான தளம் ஒன்றை வரைந்து, படப்புள்ளிகளை அதன்படி நகர்த்துவார்கள். வேகமானது, மலிவானது. எம்.டபிள்யூ.ஏ. அன்று சில கிலோமீட்டருக்குள் அடங்கிய தொலைநோக்கி. அதன் எல்லா ஆன்டெனாக்களும் ஒரு மூலத்தை ஏறக்குறைய ஒரே ஓட்டை வழியாகத்தான் பார்த்தன. அங்கே அயனி மண்டலம் மூலத்தை நகர்த்தும், கலைக்காது. நகர்ந்ததைத் திரும்ப நகர்த்துவதில் குற்றம் ஏதும் இல்லை. கோடத்தில் இது எடுபடாது. 25 கிலோமீட்டர் விரிப்பில் கலைந்துபோன மூலத்தை எவ்வளவு இழுத்தாலும் கலைந்த மூலம் சரியான இடத்தில் உட்காருமே ஒழிய, கலைவு போகாது. ‘எளிய முறை இருக்க எதற்குக் கணினியை வாட்ட வேண்டும்’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இன்டெமா தேர்ந்தது மூன்றாவது வழி. 2009-இல் அவர் வெளியிட்ட ‘ஸ்பாம்’ என்ற முறை, படம் உருவாகும் முன்பே கை வைக்கிறது. புலத்தில் உள்ள பிரகாசமான மூலங்களை ஒன்றொன்றாக எடுத்து, மற்றவற்றையெல்லாம் தரவிலிருந்து கழித்துவிட்டு, அந்த ஒரு மூலத்தின் திசைக்கு மட்டும் ஒவ்வொரு ஆன்டெனாவின் பிசகையும் கணக்கிடுகிறது. இதை உரித்தல் என்பார்கள். பிறகு, இந்தத் திசைகளில் கிடைத்த பிசகுகள் எல்லாவற்றையும் விளக்கக்கூடிய ஒரு மெல்லிய திரையை அயனி மண்டலத்தின் உயரத்தில் விரித்துப் பொருத்துகிறது. அந்தத் திரையைக் கொண்டு, பிரகாசமான மூலம் எதுவும் இல்லாத திசைகளுக்கும் பிசகை ஊகித்து, வானத்தைச் சிறு சிறு முகப்புகளாகப் பிரித்துப் படமாக்குகிறது. இங்கேதான் அதன் பலம். முப்பது ஆன்டெனாக்களும் பல திசைகளும் ஒரே திரைக்கு உடன்பட வேண்டும் என்ற நிபந்தனை, கண்டபடி எண்களைப் பொருத்திக்கொள்ள விடாது. வெறும் கணிதச் சமாதானத்துக்கும் இயற்பியல் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் இது.

இடத்தைப் பொறுத்தவரை பலன் தெரிகிறது. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் பத்துப் பதினைந்து வில்நொடி அலைந்திருக்கக்கூடிய மூலங்கள் 2 வில்நொடிக்குள் வந்துவிட்டன. ஒரு ரேடியோ மூலத்துக்கு உரிய விண்மீன் மண்டலத்தை ஒளிப்படத்தில் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் வாழ்வா சாவா. 15 வில்நொடி வட்டத்துக்குள் ஐந்தாறு மண்டலங்கள் போட்டிக்கு நிற்கும். 2 வில்நொடியில் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆனாலும் இரண்டு ஆட்சேபங்களை வைக்க வேண்டும். முதலாவது, ஸ்பாம் தன் வேலையைத் தொடங்கவே பழைய பட்டியல்களின் துணை வேண்டும். அமெரிக்காவின் என்.வி.எஸ்.எஸ். முதலான பட்டியல்களிலிருந்து உள்ளூர் வானத்தை மாதிரியாக அமைத்துக்கொண்டுதான் அது புறப்படுகிறது. அதே பட்டியலோடு பிறகு ஒப்பிட்டு ‘பொருந்துகிறது’ என்று சொன்னால் அது பாதிச் சான்று. என்.வி.எஸ்.எஸ். −40 டிகிரி விலக்கக்கோட்டோடு (வானத்தின் அட்சரேகை) நின்றுவிடுகிறது, டி.ஜி.எஸ்.எஸ். −53 வரை போகிறது. அங்கே ஊன்றுகோலே மாறுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் நம் பக்கத்து வானத்தைப் பற்றியது. இதை யாரும் போதிய அழுத்தத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. கோடத் 19 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து −53 டிகிரியைப் பார்க்க வேண்டுமானால் ஆன்டெனா தெற்கே, தொடுவானத்துக்கு 18 டிகிரி மேலே, குனிந்து பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக் கோடு 300 கிலோமீட்டர் உயரத்தைத் தொடும் இடம் கோடத்துக்கு மேலே இல்லை. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தெற்கே, மங்களூர்–காசர்கோடு கடற்பகுதிக்கு மேலே. தேவதானப்பட்டியிலிருந்து பார்த்தால் அது வடமேற்கே ஒரு பகல் பஸ் பயண தூரம். கோடு சாய்வாக ஊடுருவுவதால் அது கடக்கும் எலக்ட்ரான் தடிமன் நேர்மேலே பார்ப்பதைப் போல 2.4 மடங்கு. போதாக்குறைக்கு, குமிழிகள் வடக்குத் தெற்காக நீண்டவை. காந்தக் கோடுகள் இங்கே கிட்டத்தட்டப் படுத்தவை. தெற்கே குனிந்த பார்வை குமிழியைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் போகிறது. ஒரே உயரத்தில் ஒரு மெல்லிய திரை என்ற ஸ்பாமின் அடிப்படை ஊகம் எங்கே மிகப் பலவீனமோ, அங்கேதான் அதற்கு மிகக் கடினமான வேலை. தலைக்கு மேலே உள்ள +20 டிகிரிக்கும் தெற்கு எல்லைக்கும் சேர்த்து ‘2 வில்நொடி’ என்ற ஒரே எண்ணைச் சொல்வது, மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழையளவு சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். விலக்கக்கோடு வாரியாகப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி பிரகாசம். ஒரு மூலம் திருத்தத்துக்குப் பிறகும் சராசரியாக ஒவ்வொரு திசையிலும் 2 வில்நொடி நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வில்நொடிக் கற்றையில் அதன் உச்சப் பிரகாசம் 3 சதவீதம் சரியும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். நடுக்கம் 5 வில்நொடி என்றால் உச்சம் 18 சதவீதம் சரியும். மொத்தப் பிரகாசம் மாறாது, பரவிப்போகும், அவ்வளவுதான். பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களே, மொத்தத்தை எடுத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். போகாது. பட்டியலில் சேர ஒரு மூலம் தாண்ட வேண்டிய வாசற்படி, உச்சப் பிரகாசம் இரைச்சலைப் போல 7 மடங்கு இருக்க வேண்டும் என்பது. உச்சம் 18 சதவீதம் சரிந்த இடத்தில், வாசற்படிக்குச் சற்று மேலே இருந்த மூலங்கள் வெளியே தள்ளப்படும். இந்தப் பிரகாச அளவுகளில் மூலங்களின் எண்ணிக்கை பிரகாசத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் கூடுவதால், எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஆக, ஒரு குறிப்பிட்ட இரவில் அயனி மண்டலம் கொந்தளித்தால், வானத்தின் அந்தப் பகுதியில் மூலங்கள் குறைவாக இருப்பதாகப் பட்டியல் சாட்சி சொல்லும்.

இதற்கு மேல் இன்னொரு கோளாறும் உண்டு. அது பெரும்பாலும் அயனி மண்டலத்தின் குற்றம் இல்லை. ஒவ்வோர் இரவும் பிரகாசம் தெரிந்த ஒரு சில தர மூலங்களைப் பார்த்து அளவுகோலை நிறுவி, அதை வானத்தின் வேறு பகுதிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த இரவில் கோல் பிசகினால், அன்று பார்த்த புலங்கள் அத்தனையும் ஒரே பக்கம் பிசகும். பட்டியல் வெளிவந்த 2017-லேயே ஹர்லி-வாக்கர் அதை எம்.டபிள்யூ.ஏ.யின் ‘க்ளீம்’ பட்டியலோடு ஒப்பிட்டு, பிசகு வானத்தில் திட்டுத்திட்டாக இருப்பதைக் காட்டி, ஒரு பகுதியை மறு அளவீடு செய்தே வெளியிட்டார். சீட்டாட்டம் போல மேலும் கீழுமாகச் சிதறும் 10 சதவீதம் வேறு. பக்கத்துப் பக்கத்துப் புலங்கள் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் போகும் 10 சதவீதம் வேறு. முன்னது ஆயிரம் மூலங்களைச் சராசரி எடுத்தால் கரையும். பின்னது லட்சம் எடுத்தாலும் கரையாது. பட்டியலின் பிழைப் பத்தி இந்த இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டு மூடிவிட்டது.

விளைவு அண்டவியலில் வெடித்தது. சூரியக் குடும்பம் வினாடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாக அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு சொல்கிறது. அந்த நகர்வால் முன்பக்க வானத்தில் ரேடியோ மூலங்கள் அரை சதவீதம் அளவுக்கு அதிகமாகத் தெரிய வேண்டும். டி.ஜி.எஸ்.எஸ்.-ஐ எண்ணிப் பார்த்த அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அசோக் சிங்கல், 2019-இல் எதிர்பார்த்ததைப் போல ஏறத்தாழ 10 மடங்கு வேகம் கிடைப்பதாக எழுதினார். வேறு சிலரும் இதே பட்டியலில் மூலங்களின் எண்ணிக்கை ஒரு பக்கமாக அளவுமீறிச் சாய்வதைக் கண்டார்கள். பிரபாகர் திவாரியும் உடனிருந்தவர்களும் அதே 2019-இல் பெரிய கோண அளவுகளில் மட்டும் இந்தப் பட்டியலில் மூலங்களின் திரட்சி வழக்கத்துக்கு மாறாக ஊதியிருப்பதைக் காட்டி, முறைசார்ந்த பிசகைத்தான் சந்தேகித்தார்கள். நான் திவாரி பக்கம். அரை சதவீத விளைவைத் தேட 10 சதவீத அளவுகோலை எடுத்துப் போவதில் தொடக்கத்திலேயே கோணல் இருக்கிறது. வானத்தின் ஒரு பாதியில் அளவுகோல் சில சதவீதம் மட்டும் தள்ளியிருந்தாலே இந்த முடிவு பிறந்துவிடும். அதே நேரம் சிங்கலை மட்டும் குறை சொல்ல முடியாது. வேறு பட்டியல்களிலும் எதிர்பார்த்ததைவிடப் பெரிய சாய்வு கிடைத்திருக்கிறது, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. டி.ஜி.எஸ்.எஸ்.-ஐ அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதுதான் என் நிலை.

எதிர்த்தரப்பில் சொல்ல வேண்டியதும் நிறைய உண்டு. ஒவ்வொரு புலத்துக்கும் மொத்தம் 15 நிமிடம்தான் கிடைத்தது, அதுவும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாக. அயனி மண்டலத்துக்குத் திரை பொருத்த அது கஞ்சத்தனமான தரவு. 5,000-க்கு மேற்பட்ட புலங்களை மனிதக் கை படாமல், ஒரே செய்முறையில், தானாக ஓடவிட்டு முடித்தது சாதாரணக் காரியம் இல்லை. நெதர்லாந்தின் லோஃபார் 2022-இல் 44 லட்சம் மூலங்களை 0.2 வில்நொடித் துல்லியத்தோடு வெளியிட்டதைக் காட்டி டி.ஜி.எஸ்.எஸ்.-ஐ மட்டம் தட்டுகிறவர்கள், அது 53 டிகிரி வடக்கு அட்சரேகையில் நிற்கிறது என்பதையும், புலத்துக்கு 8 மணி நேரம் செலவிட்டது என்பதையும், வடக்கு வானத்தில் மட்டும் கால் பங்கைச் சற்றே தாண்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமது குமிழிகள் அங்கே எட்டுவது அபூர்வம்.

எனக்கு உண்மையான குறையாகப் படுவது வேறொன்று. பட்டியலில் இடம் இருக்கிறது, அதன் பிழை இருக்கிறது, உச்சம், மொத்தம், அகலம், சாய்கோணம், இரைச்சல், எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்ற பெயர் வரை இருக்கிறது. அந்தப் புலம் பார்க்கப்பட்ட இரவில் அயனி மண்டலம் எப்படி நடந்துகொண்டது, திரை எவ்வளவு நன்றாகப் பொருந்தியது என்பதற்கு ஒரு பத்தி இல்லை. ஸ்பாம் அந்த எண்களைக் கணக்கிட்டே தீர வேண்டும். கணக்கிட்டுப் பயன்படுத்திய பிறகு பட்டியலில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்தப் பத்தி இருந்திருந்தால், மோசமான இரவுகளை நீக்கிவிட்டு எண்ணிப் பார்த்திருக்கலாம், அந்த எண்ணிக்கைச் சாய்வு நிற்கிறதா விழுகிறதா என்று ஒரு மாலையில் தெரிந்திருக்கும். அதோடு, கழிவாகக் கருதியது இன்னொருவருக்குத் தரவு. 2015-இல் கிளியோ லோய் என்ற மாணவி, எம்.டபிள்யூ.ஏ. படங்களில் மூலங்கள் நகர்ந்த விதத்தை மட்டும் வைத்தே, காந்தக் கோடுகளை ஒட்டிக் குழாய்களைப் போல நீண்ட எலக்ட்ரான் அடுக்குகளைப் படம்பிடித்தார். இந்தூர் ஐ.ஐ.டி.யின் சர்வேஷ் மங்லாவும் அபிரூப் தத்தாவும் ஜி.எம்.ஆர்.டி. தரவைக் கொண்டே நம் அட்சரேகைகளின் அயனி மண்டலத்தை ஆராய்ந்து 2022-இல் எழுதினார்கள். கொடைக்கானலில் துடிப்பு அனுப்பி எதிரொலி கேட்டவர்களுக்குத் தலைக்கு நேர்மேலே உள்ள புள்ளிதான் கிடைத்தது. டி.ஜி.எஸ்.எஸ்.-இன் இரண்டாண்டு இரவுகளில், கோடத்திலிருந்து காசர்கோடு வரையிலான வானத்தின் வரைபடம் மறைந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. ஒரு மூலம் எங்கே இருக்கிறது என்று அறிய, −30 டிகிரிக்கு வடக்கே, இந்தப் பட்டியலைத் தயக்கமில்லாமல் எடுத்தாளலாம்; அயனி மண்டலத் திருத்தம் அங்கே தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்குத் தெற்கே, தரும் பிழையை இரட்டித்துக்கொண்டு எடுத்தாளுங்கள். −30 என்ற எல்லையும் இரட்டிப்பும் நான் பார்வைக் கோட்டின் சாய்வைப் பார்த்து வைத்த எச்சரிக்கை அளவுகளே, அளந்து கண்டவை அல்ல. தனியொரு மூலத்தின் பிரகாசத்தை, வேறு அலைவரிசைப் பட்டியலோடு சேர்த்து அதன் நிறமாலையை உத்தேசமாக வரைய எடுக்கலாம், க்ளீமோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகு. வானம் முழுவதிலும் மூலங்களை எண்ணி அண்டத்தைப் பற்றிப் பேச எடுக்க வேண்டாம். மூலத் தரவு ஜி.எம்.ஆர்.டி. காப்பகத்தில்தான் இருக்கிறது. அதை மறுபடி செய்ய முன்வருகிறவர் தெற்குப் பட்டையிலிருந்து தொடங்கட்டும். திரையைப் பல அடுக்காக்கிப் பார்க்கட்டும். அந்த விடுபட்ட பத்தியையும் சேர்த்து வெளியிடட்டும்.